பக்கவாதத்திற்குப் பின் வீடியோ கேம் பயிற்சி: கம்பியில்லாக் கன்ட்ரோலரை இணைப்பது எப்படி?

மறுபரிசோதனைக்காக எமது மறுவாழ்வு மருத்துவப் பிரிவிற்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அவரது இசைவைப் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 61. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டதால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து எம்மிடம் சேர்க்கப்பட்டார். ஆறு வாரங்களில் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கினார். கை மட்டும் மெதுவாகவே மீண்டது. தோளை அசைக்க முடிந்தது. முழங்கையை ஓரளவு மடக்கி நீட்ட முடிந்தது. விரல்கள் பாதி மூடின.

அவருடைய மகன் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைக்காக வாங்கிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் கருவி வீட்டில் இருந்தது. கையை வீசிப் பந்து உருட்டும் ஆட்டமொன்று அதில் இருந்ததால், எமது இயன்முறை மருத்துவர் அதையே வீட்டுப் பயிற்சியாகப் பரிந்துரைத்தார். எட்டாம் வாரத்தில் பேரனும் தாத்தாவும் ஆடத் தொடங்கினார்கள். பத்தாம் வாரத்தில் ஆட்டம் நின்றுபோனது. பதினைந்தாம் வாரத்தில் அவர் என்னிடம் வந்தபோது தோள்பட்டை இறுகியிருந்தது. முழங்கை முன்பைவிடக் குறைவாகவே நீண்டது.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் அமுக்கினா அது வேலை செய்யல டாக்டர். பொருள்ல பழுது இல்ல. என் கைதான் சரியா அமுக்கல" என்றார்.

மறுமுறை வரும்போது கருவியையும் கொண்டுவரச் சொன்னோம். பழுது கையில் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் பிள்ளையொருவன் அந்தக் கன்ட்ரோலரைத் தன்னுடைய கன்சோலில் ஒரு நாள் செருகி ஆடியிருக்கிறான். அன்றே அந்தக் கன்ட்ரோலர் தாத்தா வீட்டுக் கன்சோலை மறந்துவிட்டது. அதைத் தாத்தா வீட்டுக் கன்சோலின் பக்கவாட்டில் ஒருமுறை செருகி எடுத்திருந்தால் போதும். பத்து விநாடி வேலை. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. பேரன் "தாத்தா, நீங்க சரியா அமுக்கல" என்றிருக்கிறான். செயலிழந்த கை உள்ளவர் அதை நம்பிவிட்டார். பக்கவாதத்திற்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் மூளை மிக விரைவாகத் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. அக்காலத்தில் ஐந்து வாரங்கள் இழந்தோம் என்பது எனக்கு இன்றும் வருத்தமே. மருந்துச் சீட்டை எழுதித் தருவதுபோல இந்தப் பத்து விநாடி வேலையையும் நாங்கள் எழுதித் தந்திருக்க வேண்டும். அதனாலேயே இக்கட்டுரை.

முதலில், இப்பயிற்சியால் என்ன பயன் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுகிறேன். கை மீள்வதற்குத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு தேவை. ஆனால் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் அது போதிய அளவு நடப்பதில்லை. 2009ஆம் ஆண்டில் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், பக்கவாத நோயாளர் ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கையால் செய்த பயனுள்ள செயலசைவுகளை எண்ணிப் பார்த்தார்கள்; சராசரி 32 மட்டுமே. விலங்குகளில் நடந்த ஆய்வுகளிலோ மூளையில் மாற்றம் காண நூற்றுக்கணக்கான அசைவுகள் தேவைப்பட்டன. ஆட்டத்தில் ஈடுபட்டவர் எண்ணிக்கையை மறந்து கையை அசைக்கிறார். கன்சோலின் பயன் இதுதான்.

விளையாட்டுக் கருவி மற்றப் பயிற்சிகளைவிட உயர்ந்ததா என்றால், இல்லை. 2016ஆம் ஆண்டு 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று மாதத்திற்குட்பட்ட 141 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நின்டெண்டோ வீ கருவியும் மற்றொரு பிரிவினருக்குச் சீட்டாட்டம், பந்து போன்ற எளிய பொழுதுபோக்குகளும் வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்துத் தந்தார்கள். இரு பிரிவினரின் கைகளும் தேறின. இரண்டிற்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே வீட்டில் கன்சோல் இல்லாதவர்கள் இதற்காகக் கடன்பட்டு வாங்க வேண்டாம். பல்லாங்குழியும் தாயமும் விரல்களுக்கு நல்ல பயிற்சியே. ஏற்கெனவே பிள்ளைகளுக்காக வாங்கிய கருவி அலமாரியில் இருந்தால், அது தூங்க வேண்டியதில்லை என்பது மட்டுமே என் கருத்து.

இனிச் செய்திக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்கள் 'ரிமோட்' என்று அழைக்கும் இந்தக் கன்ட்ரோலர், தொலைக்காட்சி ரிமோட்டைப் போன்றதன்று. தொலைக்காட்சி ரிமோட் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. எதிரே உள்ள அதே வகைத் தொலைக்காட்சி எதுவாயினும் அதற்குக் கீழ்ப்படியும். கம்பியில்லாக் கன்ட்ரோலரோ வானொலி அலையில் பேசுகிறது. பெரும்பாலானவை புளூடூத் முறையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அதே அறையில் நான்கு கன்ட்ரோலர்கள் இருந்தால் எது யாருடையது என்று கன்சோல் அறிய வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்ட்ரோலர் நம் வீட்டு ஆட்டத்தில் நுழையவும் கூடாது. எனவே முதன்முறை இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அப்போது இரண்டும் தத்தம் அடையாள எண்ணையும் ஒரு இரகசியச் சாவியையும் பரிமாறிக்கொண்டு நினைவில் பதித்துக்கொள்கின்றன. இதுவே இணைத்தல். அதன்பின் ஒவ்வொரு நாளும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். பழைய அறிமுகத்தை வைத்து அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

இதை அந்த வங்கி எழுத்தரிடம் விளக்கியபோது, "மாதிரிக் கையொப்பம் மாதிரி" என்றார். கணக்குத் தொடங்கும்போது ஒருமுறை வாங்கி வைப்பது. பிறகு ஒவ்வொரு காசோலைக்கும் அதை ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் சொன்னதைவிட அவர் சொன்னது தெளிவு.

கன்சோல் பல கன்ட்ரோலர்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கன்ட்ரோலர் பொதுவாகக் கடைசியாக அறிமுகமான ஒரு கன்சோலை மட்டுமே நினைவில் வைக்கும். வேறொரு கன்சோலுடனோ கைப்பேசியுடனோ கணினியுடனோ இணைத்தால், பழைய உறவு அறுந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவதற்குத் தாத்தாவின் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டறியுங்கள். 'நேற்றுவரை வேலை செய்தது, இன்று செய்யவில்லை' என்று எம்மிடம் வரும் புகார்களில் நான் முதலில் ஐயுறுவது இதைத்தான். இரண்டாவது ஐயம், மின்கலம் தீர்ந்துபோயிருத்தல்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் கன்ட்ரோலருக்கு ஜாய்-கான் என்று பெயர். இடம் ஒன்று, வலம் ஒன்று. கன்சோலின் இருபுறமும் உள்ள தண்டவாளம் போன்ற பள்ளத்தில் மேலிருந்து கீழாகச் செருகினால் 'டிக்' என்ற ஒலி கேட்கும். அந்தக் கணமே இணைப்பு முடிந்துவிடுகிறது. பிறகு கழற்றிக் கையில் வைத்து ஆடலாம். பராமரிப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். திரையில் எதையும் தேட வேண்டியதில்லை. செருக இயலாத நிலையில், முகப்புத் திரையில் 'கன்ட்ரோலர்ஸ்' என்ற பகுதிக்குச் சென்று, பிடியையும் வரிசையையும் மாற்றும் திரையைத் திறந்து, ஜாய்-கானின் உட்புற விளிம்பில் எஸ்.எல்., எஸ்.ஆர். என்னும் இரு பொத்தான்களுக்கு நடுவே உள்ள சிறிய வட்டப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பச்சை விளக்குகள் முன்னும் பின்னுமாக ஓடும். இணைந்ததும் ஓட்டம் நின்று, எத்தனையாவது ஆட்டக்காரர் என்பதைக் காட்டும் விளக்கு நிலையாக எரியும். ஒரே கன்சோலில் எட்டு கன்ட்ரோலர்கள் வரை சேர்க்கலாம். வீட்டில் அனைவரும் சேர்ந்தே ஆடலாம்.

ஜாய்-கானின் மின்கலம் ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய 20 மணி நேரம் தாங்கும். முழுதாக நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகும். கன்சோலில் செருகி வைத்திருக்கும்போதுதான் அது மின்னேற்றம் பெறும். பெட்டியுடன் வரும் நடுப்பிடியில் செருகி வைத்தாலும் ஏறும் என்று பலர் எண்ணுகிறார்கள், ஏறாது. மின்னேற்றும் பிடி தனியாக விற்கப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் ஜாய்-கானைக் கன்சோலிலேயே செருகி வைக்கும் வழக்கம் இருந்தால், மின்னேற்றம், இணைப்பு ஆகிய இரு சிக்கல்களும் ஒருங்கே தீர்ந்துவிடும்.

ஒரு கை மட்டுமே இயங்குபவருக்கு இங்கே ஒரு தடை உண்டு. இணைந்தபின் பல நேரங்களில் எஸ்.எல்., எஸ்.ஆர். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்துமாறு திரை கேட்கும். இரு கை உள்ளவர் இரு சுட்டுவிரல்களால் எளிதில் செய்வதை, பக்கவாத நோயாளர் தனியே செய்யத் திணறுவார். கன்ட்ரோலரைக் கீழே நழுவவிட்டு, வெட்கப்பட்டு, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று வைத்துவிடுவார். நழுவாத ரப்பர் விரிப்பின் மீது கன்ட்ரோலரைப் பொத்தான் விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி, நல்ல கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சேர்த்து அழுத்தப் பழகலாம். பழகும்வரை அருகில் இருப்பவர் அழுத்தித் தரலாம். எது எப்படியாயினும், கருவியை ஆன் செய்வது, கன்ட்ரோலரை எழுப்புவது ஆகிய இரண்டையும் நோயாளரே செய்யும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். யாராவது வந்து தொடங்கித் தருவதற்குக் காத்திருக்கும் பயிற்சி, பெரும்பாலும் நடக்காத பயிற்சி.

இந்த வகையில் பிளேஸ்டேஷன் கருவிகள் சற்று வசதியானவை. பி.எஸ்.4 கன்சோலை ஆன் செய்து, கன்ட்ரோலரை யு.எஸ்.பி. கேபிளால் அதனுடன் இணைத்து, கன்ட்ரோலரின் நடுவே உள்ள பி.எஸ். பொத்தானை அழுத்தினால் அறிமுகம் முடிந்தது. பி.எஸ்.5 கருவிக்கும் முறை இதுவே, பி.எஸ்.4 கன்ட்ரோலருக்கு மைக்ரோ யு.எஸ்.பி. முனை, பி.எஸ்.5 கன்ட்ரோலருக்கு டைப்-சி முனை என்பதே வேறுபாடு. அடுத்த நாள் முதல் கேபிள் தேவையில்லை. அந்த ஒரே பொத்தானை ஒரு விரலால் அழுத்தினால் போதும், கன்சோலும் விழித்துக்கொள்ளும். மேசை மீது வைத்து முழங்கை முனையால் அழுத்தியவரைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

கேபிளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் வீட்டு இழுப்பறைகளில் கிடக்கும் பழைய கைப்பேசிக் கேபிள்களில் சில, மின்னேற்ற மட்டுமே பயன்படுபவை. தகவலைக் கடத்தும் கம்பிகள் அவற்றில் இல்லை. அவற்றைச் செருகினால் கன்ட்ரோலரில் விளக்கு எரியும், மின்னேற்றமும் நடக்கும், இணைப்பு மட்டும் நடக்காது. விளக்கு எரிவதைக் கண்டு கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேறொரு கேபிளால் முயன்று பாருங்கள். அப்படியும் இயலாவிட்டால், கன்ட்ரோலரின் பின்புறத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். கன்சோலை முழுமையாக அணைத்துவிட்டு, சிம் அட்டையை எடுக்கும் ஊசியால் அத்துளைக்குள் உள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தபின், மீண்டும் கேபிளால் இணைத்து முயலலாம். இதனால் நோயாளர் ஆடிய ஆட்டத்தின் பதிவுகள் அழியா. அவை கன்சோலில்தான் இருக்கின்றன.

எக்ஸ்பாக்ஸ் கருவியில் கன்சோலிலும் கன்ட்ரோலரின் மேல்விளிம்பிலும் தனித்தனியே இணைப்புப் பொத்தான் உண்டு. முதலில் கன்சோலிலுள்ளதை அழுத்தி விட்டுவிட்டு, 20 விநாடிகளுக்குள் கன்ட்ரோலரிலுள்ளதை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுப்பொத்தானின் விளக்கு விரைவாக மின்னி, இணைந்ததும் நிலையாக எரியும். இருபது விநாடி என்பது ஊன்றுகோலுடன் நடப்பவருக்குப் போதாது. கன்ட்ரோலரைக் கன்சோலின் அருகிலேயே வைத்துக்கொண்டு, இதைப் பராமரிப்பவரே செய்துவிடுவது நல்லது.

எக்ஸ்பாக்ஸில் நான் மதிக்கும் ஒரு வசதி, கோ-பைலட் என்ற பெயரில் 2017இல் வந்தது. இரண்டு கன்ட்ரோலர்களை இணைத்து, கன்சோல் அவற்றை ஒன்றாகவே கருதும்படி அமைக்கலாம். நோயாளர் தம் பலவீனமான கையால் ஒரு பொத்தானை மட்டும் இயக்க, மற்றவற்றை மனைவியோ மகளோ இயக்கலாம். ஆட்டம் ஒன்றே, ஆட்டக்காரரும் ஒருவரே. 2023 முதல் பி.எஸ்.5 கருவியிலும் இத்தகைய துணைக் கன்ட்ரோலர் வசதி இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்வசதி, துணைக்கருவி ஆகிய பகுதிகளில் தேடினால் கிடைக்கும். இன்று ஒரு பொத்தான், அடுத்த மாதம் இரண்டு என்று நோயாளரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம். பக்கத்தில் அமர்ந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி ஆடிக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கை முற்றிலும் பயன்படாதவர்களுக்கெனவே வடிவமைக்கப்பட்ட கன்ட்ரோலர்களும் இருக்கின்றன. 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கை அளவுள்ள இரு பெரிய பொத்தான்களும், வெளிப்பொத்தான்களைச் செருக 3.5 மில்லிமீட்டர் துளைகள் பத்தொன்பதும் உள்ளன. இயர்போன் செருகும் துளையின் அதே அளவுதான். காலால் மிதிக்கும் பொத்தான், கன்னத்தால் தொடும் பொத்தான் என எதையும் அதில் செருகலாம். பிளேஸ்டேஷனுக்கு இத்தகைய ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. தண்டுவடக் காயமுற்றவர்களுக்கு இவை உண்மையிலேயே பயன்படும். பக்கவாத நோயாளருக்கு இவற்றைப் பரிந்துரைக்கும் முன் நான் சற்றுத் தயங்குவேன். பலவீனமான கையை வேலை செய்யவைப்பதே எமது நோக்கம். அதைத் தவிர்ப்பதற்கு வழி அமைத்துத் தருவதன்று.

எமது பயிற்சிக் கூடத்தில் இருப்பது 2006இல் வெளிவந்த வீ வகைக் கருவி. அதன் ரிமோட்டை இணைக்க, மின்கல மூடிக்குள் உள்ள சிவப்புப் பொத்தானையும் கன்சோலின் முன்மூடிக்குள் உள்ள சிவப்புப் பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். உறவினரிடமிருந்து பழைய வீ பெற்றவர்கள் இதையறியாமல் திணறுவதைக் கண்டிருக்கிறேன். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் நீண்ட பட்டையைச் சென்சார் என்பார்கள். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகளை எரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. அவ்விளக்குகளைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில்தான் உள்ளது. கிழக்குச் சன்னல் வழியே வெயில் விழும் காலை நேரங்களில் எம் கூடத்தில் திரையிலுள்ள சுட்டி துள்ளிக்கொண்டே இருந்தது. நோயாளரின் கைநடுக்கம் என்று நாங்களே சில நாள் குறித்து வைத்தோம். திரைச்சீலை போட்டதும் நடுக்கம் நின்றது.

இணைப்பு நிகழ்ந்தும் அடிக்கடி அறுந்தால், இடையில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். மனித உடலில் பாதிக்கு மேல் நீர்தான். கன்சோலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, மடியில் கன்ட்ரோலரை வைத்திருந்தால் உடலே தடுப்புச் சுவராகிறது. இரும்பு அலமாரிக்குள் கன்சோலைப் பூட்டி வைத்துவிட்டு வெளியிலிருந்து ஆட முயல்வதும், சக்கர நாற்காலியின் உலோகக் கைப்பிடிக்குக் கீழே கன்ட்ரோலரைத் தாழ்த்திப் பிடிப்பதும் அப்படியே. வை-ஃபை ரூட்டர், இயங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு, கன்சோலில் செருகிய யு.எஸ்.பி. 3.0 வன்தட்டு ஆகியவையும் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். கன்சோலைத் திறந்த இடத்தில், நோயாளரின் நேர்ப்பார்வையில், இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் வையுங்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கம்பியில்லாக் கருவியைப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். புளூடூத் அலையின் ஆற்றல் மிகக் குறைவு. வழக்கமான தொலைவில் வைத்து ஆடும்போது அதனால் இடர் நேரும் வாய்ப்பு மிக அரிது. கவனிக்க வேண்டியது காந்தத்தையே. வலிமையான காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கரின் செயல்முறை மாறக்கூடும். அதிர்ச்சி தந்து இதயத்தைக் காக்கும் ஐ.சி.டி. கருவி தன் காவலை நிறுத்திவிடக்கூடும். 2025இல் வந்த ஸ்விட்ச் 2 கருவியின் கன்ட்ரோலர்கள் காந்தத்தால்தான் கன்சோலில் ஒட்டுகின்றன. எனவே எந்தக் கன்ட்ரோலரையும் சட்டைப்பையில் போடாதீர்கள். மார்பின் மீது வைத்துப் படுக்காதீர்கள். பொருத்திய இடத்திலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வையுங்கள். மூளைநீரை வடிக்க, காந்தத்தால் அளவு மாற்றத்தக்க ஷன்ட் வால்வு பொருத்தியவர்களும் தலையருகே கன்ட்ரோலரைக் கொண்டுபோகக் கூடாது. இவ்விரு வகையினரும் தொடங்கும் முன் தம் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கைப் பிரிவில் தங்கியிருக்கும்போது பிள்ளைகள் கருவியைக் கொண்டுவந்தால் செவிலியரிடம் சொல்லிவிட்டு ஆன் செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிற்குள் வேண்டாம்.

வலிப்பு வந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மின்னி மறையும் ஒளி, சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த சிறுவர்களில் ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இத்தகைய ஒளியுணர்வு சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமுமே மிகுதி. பக்கவாதத்திற்குப் பின் வரும் வலிப்பில் அரிது. எனினும் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி அமர்ந்து, வேகமாக மின்னும் ஆட்டங்களைத் தவிர்ப்பது நலம்.

ஆடும் முறை பற்றிச் சில சொற்கள். தொடக்கத்தில் கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்தே ஆட வேண்டும். பந்து உருளும் உற்சாகத்தில் எழுந்து நிற்க முயன்று விழுந்தவர்கள் உண்டு. பிடிக்க முடியாத கையில் கன்ட்ரோலரைக் கிரேப் பேண்டேஜால் தளர்வாகக் கட்டலாம். அவ்வாறு கட்டினால் விரல் நுனிகளின் நிறத்தை அவ்வப்போது பாருங்கள்; உணர்ச்சி குறைந்த கை இறுக்கத்தைச் சொல்லாது. கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றையும் மாட்டுங்கள். தோளில் வலி வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நலமுள்ளவர்களையே இது விடுவதில்லை: 2007இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஸ்பானிய மருத்துவர் ஒருவர், மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியதால் தம் தோளில் வந்த தசைநாண் அழற்சிக்கு 'வீயைட்டிஸ்' என்று பெயர் சூட்டிக் கடிதம் எழுதினார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. ஒரு வேளைக்கு 20 நிமிடம், நாளுக்கு இரு வேளை என்பதே எமது பிரிவில் நாங்கள் சொல்லும் அளவு. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180ஐத் தாண்டிய நாளில் ஆட்டம் வேண்டாம், மருத்துவரை அழையுங்கள்.

நல்ல கையாலேயே ஆடி வெற்றி பெறுவது நோயாளருக்கு எளிது. பேரனை வெல்ல வேண்டும் என்ற ஆவலில் கன்ட்ரோலர் தானாகவே கை மாறிவிடும். கருவிக்கு எந்தக் கை என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன வங்கி எழுத்தர் அதன்பின் மூன்று மாதங்கள் ஆடினார். தோளின் இறுக்கம் தளர்ந்தது. முழங்கை ஏறக்குறைய முழுமையாக நீள்கிறது. விரல்கள் முழுமையாகத் திரும்பவில்லை. ரூபாய்த் தாள்களை எண்ணும் அளவிற்கு அவை திரும்புமா என்று அவர் கேட்டபோது, 'திரும்பும்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. காப்பித் தம்ளரை வலக்கையால் எடுத்து வைக்கிறார். ஆடி முடித்ததும் ஜாய்-கானைக் கன்சோலில் செருகி 'டிக்' ஒலி கேட்ட பிறகே எழுகிறார் என்று அவர் மருமகள் சொன்னார்.

வீட்டில் முயன்றும் இணையாவிட்டால், அடுத்த மறுபரிசோதனை நாளில் கன்சோல், கன்ட்ரோலர், அதன் கேபிள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பயிற்சிக் கூடத்தில் இயன்முறை மருத்துவர்கள் பார்த்துத் தருவார்கள். எந்தப் பொத்தானை எந்த விரலால் அழுத்துவது என்பதையும் நோயாளரின் கையைப் பார்த்தே சொல்வார்கள்.